சிரிப்பது மறப்பதாகாது: புதிய ஆண்டில் வன்னி வீடுகளுக்குச் சில பழக்கங்கள்

வன்னியில் ஜனவரி முதலாம் திகதி இரண்டு துயர நாட்களுக்கு நடுவில் வருகிறது. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றது. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. அந்த நாட்களில் நாங்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தோம். வருடப் பிறப்பன்று நள்ளிரவில் கொளுத்தும் சீனவெடிச் சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருகிறவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

"இந்த வருடம் மகிழ்ச்சியைத் தெரிவு செய்யுங்கள்" என்ற வாழ்த்து ஒவ்வொரு ஜனவரியிலும் தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் வந்து அமர்ந்த ஒரு தாய்க்கு அந்த வாசகத்தை எப்படி வாசித்துக் காட்டுவது? மகிழ்ச்சி கடையில் எடுக்கும் சாமான் போலத் தெரிவு செய்யக்கூடியது என்றால், மகிழ்ச்சியில்லாமல் இருப்பது அவளுடைய குற்றம் என்றாகிவிடும். அது பொய், கொடுமையும் கூட.

நான் வைத்தியர் இல்லை. 2009 இல் முகாமுக்குள் போய், பின்னர் ஊர் திரும்பி, கிணறு இறைத்துக் காணி துப்புரவாக்கி மீண்டும் தொடங்கியவர்களில் ஒருவர். இத்தனை ஆண்டுகளில் வாசித்தும் கேட்டும் அயலில் பார்த்தும் எனக்கு விளங்கிய ஒரு விடயத்தை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். மகிழ்ச்சி என்ற உணர்வை எவராலும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. அது வந்து சற்று நேரம் தங்கக்கூடிய சிறு செயல்களை நாங்கள் தெரிவு செய்யலாம். அப்படிச் செய்வது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. நீதி கேட்பதை நிறுத்திவிட்டோம் என்றும் அதற்குப் பொருள் இல்லை.

சிரிப்பு ஏன் பாரமாகிறது

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கள் நிலையைக் "கூட்டு மனவடு" என்று விளக்கினார். போர் தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பது அவரது முடிவு. ஒருவரையொருவர் நம்பாமை, சந்தேகம், மௌனம், பிறரில் தங்கியிருத்தல், எதிலும் ஈடுபாடின்மை ஆகியவற்றை அவர் ஒரு சமூகத்தின் நோய்க்குறிகளாகப் பட்டியலிட்டார். 2010 இல் வன்னி மக்களின் உளநிலை பற்றியே தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரையையும் வெளியிட்டார்.

2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளை உள்ளடக்கி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதன் முடிவுகள் 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகின. அதன்படி 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. அந்த வேளையிலும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் இவை 41.8, 48.5 வீதமாக இருந்தன. சொந்த நிலத்தில் காலூன்றி இருப்பதற்கும் மனநலத்துக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதை இந்த வித்தியாசம் காட்டுகிறது.

இலக்கங்களுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. தப்பி வந்தவரின் குற்றவுணர்வு அது. "அவன் இல்லாத வீட்டில் நான் எப்படிப் புதுச்சேலை கட்டுவது?", "என்ர தங்கச்சி பசியோட போனவள், எனக்கென்ன பாயாசம்?" இப்படிப்பட்ட வார்த்தைகளை எங்கள் ஒழுங்கைகளில் கேட்காதவர் இல்லை. இது நோயும் இல்லை, பலவீனமும் இல்லை, அன்பின் மிச்சம். ஆனால் அந்த அன்பு வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சிரிக்கப் பயத்தைக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது. 2009 க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதில் நிற்கிறார்கள். தங்களுக்குத் தெரியாத ஒரு துக்கத்துக்காகக் குரல் தாழ்த்திப் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள்.

எங்கள் முன்னோர் துக்கத்தையும் அடுப்பையும் பிரித்து வைக்கவில்லை. தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியில் விரதமிருந்து கஞ்சி காய்ச்சி ஊருக்கு ஊற்றுகிறார்கள். தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. கத்தோலிக்கருக்கு நவம்பர் 2, சகல ஆத்துமாக்களின் நாள். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்படும் அதே பருவத்தில்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கலும் வருகிறது. உப்புநீரில் விளக்கெரியும் அந்தக் கோவிலுக்கு, அழுத கண்ணோடு போனவர்களும் நேர்த்தி வைத்துப் போனவர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அழுவதற்கு ஒரு நாள், சமைப்பதற்கு ஒரு பானை, பகிர்வதற்கு ஒரு கூட்டம். இந்த ஒழுங்கே நாங்கள் தேடும் வழி.

முதலில் கை, பிறகு மனம்

"மனம் சரியானதும் வெளியில் போவேன்" என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்று இதைத் திருப்பிப் போடுகிறது. மனம் வரும் வரை காத்திராமல், முன்பு பிடித்திருந்த ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்யச் சொல்கிறது. பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவது, ஒரு பாட்டுக் கேட்பது, சகோதரி வீட்டுப் படலை வரை நடந்துவிட்டு வருவது போன்றவை போதும். செயல் பலமுறை நடந்த பின்னரே மனம் மெல்லப் பின்னால் வரும்.

பழக்கமாக எத்தனை நாள் எடுக்கும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாட்கள் போதுமாக இருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஜனவரி 1 இல் தொடங்கினால் மார்ச் முதல் வாரத்தில்தான் அது எங்கள் பழக்கம் என்று சொல்ல முடியும். ஆகவே தைப்பொங்கலுக்குள் ஒன்றும் மாறவில்லை என்று கைவிடத் தேவையில்லை.

தொடங்குவதற்கு இரண்டு விதிகள் உதவும். ஒன்று, புதுப் பழக்கத்தை ஏற்கெனவே செய்யும் வேலையோடு கட்டிவிடுங்கள். "காலைத் தேத்தண்ணி குடித்ததும் வேலிக்கரையில் பத்து நிமிடம் நடப்பேன்" என்பது போல. இரண்டு, ஒரே நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும்.

நித்திரை

பகலில் மறைந்திருப்பது இரவில் வரும். கெட்ட கனவும் இடையில் விழிப்பும் எங்களில் பலருக்குப் பழகிப்போனவை. படுக்கும் நேரத்தை விட எழும் நேரத்தை ஒரே சீராக வைத்திருப்பது முக்கியம். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பியைக் குறையுங்கள். நித்திரை வராமல் இருபது நிமிடம் புரண்டால் எழுந்து வந்து அமைதியாக எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

கனவில் திடுக்கிட்டு எழுந்தால் பாதத்தைத் தரையில் பதித்து, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கதவு, பாய், குடம், லாம்பு, சுவர். இது இந்த வருடம், இது என் வீடு என்று உடம்புக்குத் தெரியவேண்டும். பிறகு நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். சோமசுந்தரம் அவர்கள் சாந்தி ஆசனம், மந்திர செபம், செபமாலை, திக்ர் போன்ற அவரவர் சமய வழக்கங்களையே மனத்தை ஆற்றும் பயிற்சியாகப் பரிந்துரைத்தார். வீட்டில் ஆச்சி செய்து வந்ததுதான் அது.

சோறும் தேத்தண்ணியும்

பட்டினியை அனுபவித்தவர்களுக்குச் சோறு குறைக்கச் சொல்வது எளிதான காரியம் இல்லை. கோப்பை நிறையச் சோறு இருப்பது எங்களுக்குப் பாதுகாப்பின் அடையாளம். அதனால் குறைப்பதை விட, இடம் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்பங்குக்குச் சோறு, மற்றக் கால்பங்குக்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவை வேலியிலும் வாய்க்கால் கரையிலும் கிடைப்பவை. குளத்து மீன் எங்கள் சந்தைகளில் மலிவு. வாரத்தில் சில இரவுகள் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டு அவிக்கலாம்.

சீனிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்றால் பத்துத் தேக்கரண்டி. ஏறத்தாழ 40 கிராம். 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது மேலதிக நன்மை தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பனங்கட்டி கடித்துக் குடிப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அதுவும் சீனிதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது. உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் ஊறுகாயும் வைக்கும் நாளில் கறிக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

வயலில் வெயிலில் நிற்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சுத்தமான தண்ணீர் குடிக்க வேண்டும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைத் தாக்கியிருக்கிறது. உடம்பு நோவுக்காகக் கடையில் வாங்கித் தினமும் போடும் நோ மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும். வைத்தியரைக் கேட்காமல் அவற்றைத் தொடராதீர்கள்.

உடம்பு

வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம், சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். ஐந்து நாட்களுக்கு அரை மணி நேரம். வயல் வேலை, தண்ணீர் இறைப்பது, சைக்கிள் ஓட்டம் எல்லாம் இதில் சேரும். கடையிலோ அலுவலகத்திலோ இருந்து வேலை செய்கிறவர்களுக்கும், மோட்டார் சைக்கிள் வந்த பின் நடையை மறந்த எங்கள் இளையவர்களுக்கும்தான் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

கால் இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இந்தக் கணக்குக்கு வெளியில் இல்லை. கதிரையில் இருந்தபடியே கைகளை உயர்த்தி இறக்குவதும், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குவதும் இதயத்துக்கும் தோளுக்கும் பயிற்சியே. உடலில் செல் துண்டு இருப்பவர்கள் எந்த ஸ்கானுக்கும் முன்பு அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் உலோகம் ஆபத்தாகலாம்.

போத்தலும் வெற்றிலையும்

நித்திரைக்காகத் தொடங்கிய குடி பல வீடுகளில் நித்திரையையே கெடுத்திருக்கிறது. மது முதலில் கண்ணை மூடவைக்கும்; பின்னிரவில் விழிப்பையும் பதகளிப்பையும் கூட்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. ஒரு எச்சரிக்கை: நீண்டகாலமாகத் தினமும் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். வைத்தியசாலையின் உதவியோடு நிறுத்துவதே சரி. அந்த வீட்டுப் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வெற்றிலை பாக்குக்கும் எங்கள் துக்க வீடுகளுக்கும் நெடுநாள் உறவு. ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்குவது என்று 2004 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் காட்டுங்கள். புகைப்பதை விட்டவருக்கு ஒரு வருடத்தில் இதய நோய் ஆபத்து பாதியளவுக்குக் குறைகிறது. அடுத்த வருடப் பிறப்பில் கையில் கிடைக்கும் பரிசு அது.

கூடியிருத்தல்

கூட்டாகப் பட்ட காயம் தனியாக ஆறாது. நம்பிக்கையின்மையும் மௌனமுமே எங்கள் நோய் என்றால், கிழமைக்கு ஒருமுறை ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடியிருப்பது மருந்தில் பாதி. அங்கே போரைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்றில்லை. எள்ளுருண்டை பிடிக்கலாம், ஓலை பின்னலாம். பேச வருகிறவர் பேசட்டும், கேட்பவர் புத்தி சொல்லாமல் கேட்கட்டும். "இன்னும் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறியே" என்ற வசனத்தை இந்த வருடம் எங்கள் வாயிலிருந்து எடுத்துவிடலாம்.

பிள்ளைகளுக்கு ரியூசனுக்கும் தொலைபேசிக்கும் நடுவில் விளையாட ஒரு மணி நேரம் வேண்டும். கிளித்தட்டுக்குக் கோடு கீற ஒரு தடி போதும். கரப்பந்துக்கு ஒரு வலையும் பந்தும். கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் தெரிந்த அண்ணாவிமார் இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களைத் தேடிப் போங்கள். ஒரு கூத்துப் பழகும் மூன்று மாதமும் ஊர் தினமும் கூடும்.

பண்டிகைக்காகக் கடன் எடுக்காதீர்கள். தவணை கட்ட முடியாத பயத்தோடு வரும் புது உடுப்பில் சந்தோசம் இருக்காது. வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை: பணம் அனுப்புவது பெரிய உதவி. ஊரில் தனித்திருக்கும் அம்மாவுக்கு, ஒரே நாளில் ஒரே நேரத்தில் தவறாமல் வரும் அழைப்பும் அதே அளவு பெரிது.

பாரமான மாதங்களுக்கு முன்னரே ஆயத்தம்

புத்தாண்டுத் தீர்மானங்கள் எங்களிடம் உடைவதற்குத் தனிக் காரணம் உண்டு. எங்கள் வருடத்தில் எல்லா மாதமும் ஒரே பாரம் இல்லை. நாட்காட்டியை எடுத்து இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தை, மாசி காலபோக அறுவடைக் காலம். கையில் நெல்லும் மனதில் தெம்பும் இருக்கும். தைப்பூசத்தில் புதிர் எடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் அந்த முதற் சோற்றோடு ஒரு பழக்கத்தைத் தொடங்கலாம். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் நடையைப் பழகிவிட்டே போகலாம். சித்திரை வருடப்பிறப்பு, ஜனவரியில் விட்டதைத் திரும்பப் பிடிக்க எங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாசல்.

மே பாரமான மாதம். அந்த மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். நித்திரை, சாப்பாடு, மருந்து என்ற மூன்றையும் காப்பாற்றிக்கொண்டால் போதும். மே 18 அன்று யாரோடு போவது, திரும்பி வந்த இரவில் யார் பக்கத்தில் படுப்பது என்பதை முன்னரே பேசி வையுங்கள். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் இருக்கின்றன. மாரி தொடங்கினால் இருட்டும் வெள்ளப் பயமும் சேர்ந்து வரும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் மூழ்கியதை மறக்கவில்லை. நவம்பர் 27, டிசெம்பர் 26 என்று நினைவு நாட்களும் அந்தக் காலத்திலேயே. உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய திகதிகளையும் இவற்றோடு சேர்த்து எழுதுங்கள். பாரம் எப்போது வரும் என்று தெரிந்தவருக்கு, அது வரும்போது தன்னில் ஏதோ பிழை என்று தோன்றாது.

எப்போது உதவி தேடுவது

இரண்டு கிழமைகளுக்கு மேலாக ஒவ்வொரு நாளும் மனம் இருண்டிருந்தாலோ, நித்திரையும் பசியும் போய்விட்டாலோ, பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனாலோ, சாவதைப் பற்றிய எண்ணம் வந்தாலோ பழக்கங்கள் மட்டும் போதாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளுக்குப் போகலாம். சிகிச்சைக்குப் பணம் இல்லை. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ்.

வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின்னர் இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. அந்த ஒரு கண நேர இருட்டைக் கடந்துவிட்டால் பலர் வாழ்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

35 வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் வருடத்துக்கு ஒருமுறை குருதியமுக்கத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். போரில் தப்பிய உயிர் பிரஷருக்குப் போகக் கூடாது.

இவ்வளவையும் ஒருவர் ஒரு வருடத்தில் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஒன்றை எடுங்கள். அதை யாரோடு செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, மருமகனோ, பேரப்பிள்ளையோ. இன்று பின்னேரம் அவரிடம் போய், "நாளையிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து குளக்கட்டு மட்டும் நடப்பமோ?" என்று கேளுங்கள்.